கலைச்சொல்லாக்கத்தில் ‘ஊர்வு’: உலோகிடைச் சேர்மங்களை முன்வைத்து

மாறாச் சுமையின்கீழ், உயர்வெப்பத்தில் உலோகம் மெல்ல நீளும் பண்பிற்குத் ‘தவழ்வு’, ‘ஊர்வு’ ஆகிய இரண்டில் எது தகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கெல்வின் அளவில் உருகுநிலையின் ஏறத்தாழ 0.4 பங்கைக் கடந்தால் இந்நீட்சி முதன்மை பெறும். எக்கியார்குப்பத்திற்கு வடக்கே, அதே கடற்கரையிலுள்ள கல்பாக்கம் ஈனுலையில் சோடியம் 547 பாகை செல்சியசில் வெளியேறுமாறு வடிவமைக்கப்பட்டுள்ளதால், எஃகின் இப்பண்பை அறிதல் இன்றியமையாதது. வானூர்திச் சுழலிகளிலோ, நிக்கலும் அலுமினியமும் 3:1 என ஒழுங்குபட்ட உலோகிடைச் சேர்மத் துகள்கள் நிக்கல் கலவைக்கு இதனைத் தாங்கும் ஆற்றலை அளிக்கின்றன.

தவழ்தல் கண்ணுக்குப் புலனாகும் இயக்கம். ஊர்தலோ, ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்னும் பழமொழியிற்போல நெடுங்கால விளைவையும் உணர்த்தும். ஆதலின் ‘ஊர்வு’ என்பதே பொருந்தும். எனினும் பழமொழி சுட்டுவது தேய்மானம். இங்கோ பொருள் குறைவதில்லை, வடிவே மாறுகிறது. இவ்வேறுபாட்டை வரையறையில் சேர்த்தே இச்சொல்லை ஆளுதல் வேண்டும்.