பருத்த உடலும் சோர்ந்த மனமும்



பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் பெற்றோருக்கு மகிழ்ச்சி. வறட்சியை அடிக்கடி கண்ட புதுக்கோட்டைச் சீமையில் அது இயல்புதான். ஆனால் அதே பிள்ளைக்குப் பத்து வயதானதும் வகுப்பில் "குண்டு" என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பெயர் மனதில் உண்டாக்கும் காயத்தைப் பற்றியே இம்முறை எழுதுகிறோம்.

இந்தியாவில் 5 முதல் 19 வயதுள்ளோரில் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் 2022-ல் உடற்பருமனோடு இருந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் 15 நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் முடிவுகளை வெளியிட்டனர். பருமனானவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதம் அதிகம்; மனச்சோர்வுள்ளவர்கள் பருமனாகும் வாய்ப்பு 58 சதவீதம் அதிகம். இவை பெரும்பாலும் பெரியவர்களைப் பற்றியவை. பிள்ளைகளிடமும் இவ்விரண்டும் சேர்ந்து காணப்படுவதைப் பிற ஆய்வுகள் காட்டுகின்றன.

காரணம் புரியாததல்ல. கேலிக்கு அஞ்சும் பிள்ளை விளையாட்டை விட்டு ஒதுங்குகிறது. செல்போன் துணையாகிறது, தின்பண்டம் ஆறுதலாகிறது, தூக்கம் கெடுகிறது. எடை கூடுகிறது, கேலியும் கூடுகிறது.

அறிகுறிகள்

"மனம் சோர்ந்திருக்கிறேன்" என்று பிள்ளை சொல்லாது. எரிச்சல், காரணம் தெரியாத வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பு, நண்பர்களை விட்டு விலகுதல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. வீட்டிலும் ஓய்வுநாள் பள்ளியிலும் உடலைச் சுட்டிப் பெயர் சொல்லி அழைக்காதிருப்போம். அக்கறையோடு சொன்னாலும் அது புண்படுத்தும்.

2. ஒரு பிள்ளையின் தட்டில் மட்டும் குறைக்க வேண்டாம். வீட்டார் எல்லோருமே குளிர்பானத்துக்குப் பதில் மோரும், பாக்கெட் தின்பண்டத்துக்குப் பதில் சுண்டலும் சாப்பிடலாம்.

3. தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தனியே அனுப்பாமல் கூடச் செல்லுங்கள்.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் நம் மாவட்டத்துக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கேலி செய்தவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் கூட்டமாகச் சேர்ந்து கற்றவர்களைக் கேலியால் நிறுத்த முடியவில்லை. அவர்களில் பலர் இன்று பாட்டிமார். ஒதுங்கி நிற்கும் பேரப்பிள்ளைக்கும் அப்படியொரு துணைதான் முதலில் தேவை. எடை பார்ப்பது அதற்குப் பிறகுதான்.