கேப்புக்கு அடியில் இருக்கும் பல்

சிதைந்த பல்லின் வெளித்தெரியும் பகுதியை ஈறு வரை முழுவதுமாக மூடி, அதன் வடிவத்தையும் மெல்லும் திறனையும் மீட்டுத் தரும் செயற்கை உறையைப் பல் மருத்துவர்கள் கிரௌன் என்றும், சிகிச்சைக்கு வருவோர் கேப் என்றும் சொல்கின்றனர். கேப் போட வேண்டும் என்று தெரிந்தவுடன் பெரும்பாலோர் விசாரிப்பது அதன் விலையையும் உத்தரவாத ஆண்டுகளையும்தான். உறைக்கு அடியில் சொந்தப் பல் எவ்வளவு மீந்திருக்கிறது என்ற கேள்வி, எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கப்பட வேண்டியதாக இருந்தும், அரிதாகவே எழுகிறது.

கேப் தேவைப்படும் பற்களில் பெரும்பங்கு, பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழை நீக்கி, வேர்க்குழாய்களைத் தூய்மைப்படுத்தி அடைக்கும் ரூட் கேனல் சிகிச்சைக்கு உள்ளானவை. சொத்தை தின்றதும், அதைச் சுரண்டி எடுத்ததும், வேர்க்குழாயை எட்டுவதற்காக மேலிருந்து வழி திறந்ததுமாகச் சேர்ந்து அப்பல்லின் சுவர்கள் மெலிந்துவிடுகின்றன. ஆகவே கடைவாயில் விழும் மெல்லும் அழுத்தத்தை அவை நெடுநாள் தாங்குவதில்லை. அமெரிக்காவின் அயோவாவில் அக்விலினோ, கேப்லன் ஆகியோர் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், ரூட் கேனலுக்குப் பின் கேப் போடாத பற்கள், போட்டவற்றைவிட 6 மடங்கு அதிக வீதத்தில் இழக்கப்பட்டிருந்தன. வலி நின்றுவிட்டது என்பதால் கேப்பை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவோர், பல் வேர் வரை பிளந்த பிறகு திரும்பி வருவது மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. அந்நிலையில் பல்லைப் பிடுங்குவதைத் தவிரப் பெரும்பாலும் வழியிருப்பதில்லை. அதிகம் சேதமடையாத முன்பற்களுக்கு மட்டும், ரூட் கேனல் செய்திருந்தாலும், நல்ல அடைப்பே போதுமானதாக இருக்கலாம்.

உறை நிலைத்து நிற்க, அதன் விளிம்புக்கு மேலே பல்லைச் சுற்றி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது உறுதியான சொந்தப் பல் இருக்க வேண்டும் என்பது பல் மருத்துவத்தில் வலியுறுத்தப்படும் விதி. உலக்கையின் முனை பிளக்காமல் இரும்புப் பூண் காப்பதுபோல, இந்தப் பட்டையைச் சுற்றி இறுகப் பிடித்துத்தான் உறை பல்லைக் காக்கிறது. பட்டை போதாதபோது ஈற்றையும் அதையொட்டிய எலும்பையும் சிறிது குறைத்துப் பல்லை வெளிக்கொணர்வதும், வேருக்குள் போஸ்ட் என்னும் தண்டைப் பதித்து அதன்மேல் பல்லின் உடலைக் கட்டியெழுப்புவதும் உண்டு. ஆனால் தண்டு பல்லுக்கு வலுவைக் கூட்டுவதில்லை; கட்டியெழுப்பிய பகுதி கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. எனவே, இந்தப் பல்லைக் காப்பாற்ற இயலாது என்று தயங்காமல் சொல்லும் மருத்துவர், பணம் வாங்கிக்கொண்டு நிலைக்காத கேப்பைப் போட்டு அனுப்புபவரைவிட நோயாளிக்குப் பெரிய நன்மை செய்கிறார்.

எந்தப் பொருளில் செய்வது என்பது அடுத்த கேள்வி. உள்ளே உலோகமும் வெளியே பீங்கானும் கொண்ட உறை உறுதியானது. ஆயினும் காலப்போக்கில் ஈறு இறங்கும்போது அதன் ஓரத்தில் கருங்கோடு தெரியக்கூடும். சிர்கோனியா வெண்மையும் வலிமையும் ஒருங்கே உடையது. முழு உலோக உறைக்குப் பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும் என்பதால், சிரித்தாலும் தெரியாத கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு அது இன்றும் தகுந்த தேர்வே. பீங்கான் வகைகளுக்கு மெல்லும் பரப்பில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை செதுக்க நேரும். செதுக்கிய பல் மீண்டும் வளராது. நிறத்தைத் தேர்வதும் செதுக்கத் தொடங்குமுன் நிகழ வேண்டும். நெடுநேரம் வாய் திறந்திருக்கையில் பல் உலர்ந்து, இயல்பைவிட வெளுத்துத் தோன்றும்.

நிலையான உறை தயாராகும் வரை போடப்படும் தற்காலிக உறை, எளிதில் எடுக்கத்தக்க மென்பசையால் ஒட்டப்படுவதால், கமர்கட்டு, அல்வா போன்ற ஒட்டும் பண்டங்களை அப்பக்கத்தில் மெல்லாதிருப்பது நல்லது. நிலையான உறையை ஒட்டும் நாளில் வாய் மரத்திருந்தால், கடி சரியாக அமைந்ததா என்பதை நோயாளியால் உணர முடியாது. மறுநாள் அப்பல் மட்டும் முதலில் தட்டுப்படுவதாகத் தோன்றினால், பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளாமல் உடனே சென்று சரிசெய்துகொள்ள வேண்டும்; உயர்ந்து நிற்கும் உறை பல்லுக்கு வலியையும், காலப்போக்கில் எதிர்ப்பல்லுக்கும் சேதத்தையும் தரக்கூடும்.

எல்லாவற்றிலும் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது உறையும் பல்லும் சந்திக்கும் விளிம்பு. உறைக்குச் சொத்தை வராது. அந்த விளிம்பின் வழியே அடியிலுள்ள பல்லுக்கு வரும். நரம்பு நீக்கப்பட்ட பல்லில் சொத்தை எவ்வளவு ஆழமாகப் பரவினாலும் கூச்சமோ வலியோ முன்னறிவிப்பாக வருவதில்லை என்பதால், உணவு புதிதாகச் சிக்கிக்கொள்வதும், வாடை வீசுவதும், அவ்விடத்து ஈற்றில் இரத்தம் கசிவதுமே அதற்கான அடையாளங்கள். தூரிகையை ஈற்றோரத்தில் சாய்த்துத் துலக்குவதும், பல்லிடுக்குத் தூரிகையாலோ ஃப்ளாஸ் எனப்படும் இழையாலோ நாள்தோறும் இடுக்கைத் தூய்மை செய்வதும் உறையின் ஆயுளை நீட்டிக்கும். உறையுடன் தரப்படும் உத்தரவாத அட்டை பொதுவாக உறையின் உடைவுக்கே பொருந்தும்; அடியிலுள்ள பல் அழுகினால் அந்த அட்டை உதவாது. ஆகவே கேப் போட்ட பல்லில் வலி இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் மருத்துவரிடம் காட்டி, அவர் தேவையெனக் கருதும்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.