தைத்த படகில் ஒரு பகல்

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் பறவை பார்ப்பது புதிதல்ல. வேடந்தாங்கல் 2019 வரை எங்கள் மாவட்டத்திலேயே இருந்தது. ஏரிப் பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கி வைத்தவர்கள் அந்த ஊர் மக்கள். ஆனால் அங்கே கரைமேல் நின்று தூரத்து மரங்களைத்தான் பார்க்க முடியும். தண்ணீரிலேயே மிதந்துகொண்டு, பறவை உட்கார்ந்திருக்கும் மட்டத்திலிருந்து பார்க்க ஆசைப்பட்டால் கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலுக்குப் போகலாம். அதிலும் ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த பழைய கெட்டுவள்ளத்தில் போவது தனி அனுபவம். தனியாகவும் குடும்பத்தோடும் போய்வந்ததில் தெரிந்துகொண்டதை, போக நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

காலம் முக்கியம். வலசைப் பறவைகள் வருவது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. பட்டுத் தொழிலில் இருக்கும் எங்களுக்குத் தை முகூர்த்தச் சேலைகள் கடைக்குப் போய்ச் சேர்ந்தபின் மார்கழி முதல் வாரம்தான் தோதுப்படும். பறவைக்கும் அது நல்ல நேரமே. காயலை ஒட்டிய குட்டநாடு, கடல் மட்டத்துக்குக் கீழே வரப்பு கட்டி நெல் விளைவிக்கும் பூமி. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-ல் அதை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. மழைக்காலம் முழுக்க மூழ்கிக் கிடக்கும் வயலிலிருந்து, விதைப்புக்கு முன்பு தண்ணீரை இறைத்து வெளியே விடுவார்கள். நீர் வடிய வடியச் சேற்றில் மீனும் நத்தையும் மாட்டிக்கொள்ளும். கொக்கு, நாரை, நத்தைகுத்தி நாரை எல்லாம் அங்கே வந்து இறங்கும். எந்தப் பாடசேகரத்தில், அதாவது எந்த வயல் தொகுப்பில், இறைப்பு நடக்கிறது என்று படகுக்காரரிடம் கேட்டு, அந்த வரப்போரமாகப் போகச் சொல்லுங்கள். காயலின் நடுவில் போட்டோ எடுக்க இடமுண்டு, பறவைகள் ஓரத்தில்தான்.

கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். வாடகை ஏறிவிடும், காயலில் படகுக்குப் பின் படகாக நிற்கும். ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுப்பதும் அவசியம். கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை பிறக்கும் வரை கேரள ரயில்களில் ஐயப்ப பக்தர்களின் கூட்டம் இருக்கும். சென்னை சென்ட்ரலில் இரவு ஏறினால் மறுநாள் முற்பகலில் ஆலப்புழை. வழிக்கு மிளகும் சுக்கும் போட்ட எங்கள் ஊர் குடலை இட்லியைக் கட்டிக்கொண்டால் மறுநாளும் கெடாது.

இறங்கியவுடனே படகு ஏறும்படி திட்டம் போடாதீர்கள். கெட்டுவள்ளங்களின் பகல் சவாரி பெரும்பாலும் பதினொரு மணிவாக்கில் கிளம்பி மாலை ஐந்து, ஐந்தரைக்குள் கரை திரும்பும். அதற்குப் பிறகு மீனவர்கள் வலை விரிக்கும் நேரம், பெரிய படகுகள் ஓடக் கூடாது. பதினொரு மணி வெயிலில் எந்தப் பறவை வெளியே நிற்கும்? ஆகவே முதல் நாள் இரவே காயல் கரையிலுள்ள குமரகம் பக்கம் தங்கிவிடுங்கள். விடிந்ததும் சின்னத் துடுப்புப் படகில் குமரகம் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கால்வாய்களில் சுற்றுங்கள். அந்த இடம் பேக்கர் என்ற ஆங்கிலேயக் குடும்பத்தின் பழைய எஸ்டேட், 14 ஏக்கர்தான். நீர்க்காகம், பாம்புத்தாரா, இராக்கொக்கு மூன்றையும் அங்கே அருகிலிருந்து பார்க்கலாம். கெட்டுவள்ளத்தை அதன்பின் வைத்துக்கொள்ளுங்கள். காலைப் பொழுது பறவைக்கு, பகல் படகுக்கும் காயலுக்கும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நிறைவாக இருக்கும்.

இனி படகு. கெட்டுவள்ளம் சுற்றுலாவுக்காகப் பிறந்ததல்ல. குட்டநாட்டு நெல்லையும் தேங்காயையும் மசாலாச் சரக்கையும் டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு கொச்சிக்கும் கொல்லத்துக்கும் போய்வந்த சரக்குப் படகு அது. கழுக்கோல் ஊன்றியும் பாய் விரித்தும் ஓட்டுவார்கள். சாலையும் லாரியும் வந்தபின் வேலையில்லாமல் கரையோரம் உளுத்துக் கிடந்தவற்றை, 1990களின் தொடக்கத்தில் மூங்கிலும் பாயும் கொண்டு கூரை போட்டு விருந்தினர் படகாக மாற்றினார்கள். இன்று 'ஹவுஸ்போட்' என்று ஓடுபவை எல்லாம் அந்தப் பழைய படகுகள் அல்ல. புதிதாகக் கட்டியவை ஏராளம், இரும்பு உடல் கொண்டவையும் உண்டு. பழைய வள்ளம் வேண்டுமென்றால் நாம்தான் கேட்க வேண்டும்.

ஒருமுறை அப்படிக் கேட்டதற்கு, படகை ஓட்டும் ஸ்ராங்கு முகம் மலர்ந்துபோய் என்னை முன்பக்கம் கூட்டிப்போனார். தரைப்பலகை ஒன்றைத் தூக்கி, டார்ச் அடித்துக் காட்டினார். ஆஞ்சிலிப் பலகைகள் சேரும் விளிம்பில் இரண்டு பக்கமும் விரல் நுனி நுழையாத துளைகள். சேர்மானத்தின் மேல் தேங்காய் நாரைக் கனமாகத் திரித்து வைத்து, அதை அழுத்திப் பிடித்தபடி கயிறு துளைக்குத் துளை மாறி மாறிப் போகிறது. துளைகளையும் நாரால் அடைத்து, மேலே முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் பூசியிருக்கிறார்கள். கன்னங்கரேலென்று மின்னியது; தொட்டால் விரலில் ஒட்டவில்லை.

"சேட்டா, கயிறு இற்றுப்போகாதா?" என்றேன்.

"போகும் சாரே. போனால் அவிழ்த்துப் புதுசா கட்டும். ஆணி துருப்பிடித்தால் பலகையும் சேர்ந்து போகும், அல்லே?" என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கோர்வைதான் நினைவுக்கு வந்தது. உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு வேறு நாடா, தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஊடைக்கு ஊடை பூட்டிப் பூட்டி நெய்கிற சேலையில் உடல் கிழிந்தாலும் கரை பிரியாது. விசைத்தறிச் சேலையைக் காஞ்சிப் பட்டு என்று விற்பவர்களால் எங்கள் ஊர் படும் பாட்டை அறிந்தவன் என்பதால், தைக்காத படகைக் கெட்டுவள்ளம் என்று காட்டும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தமிழர்களுக்கும் இது அந்நியக் கலை அல்ல. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், கப்பலில் வந்தவர்களை அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலாப் படகுகளும் கயிற்றால் தைத்தவைதாம். பலகை விறைத்து நிற்காமல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால் அலையில் உடையாது.

ஏறியபின் சில விஷயங்கள். பாட்டுப் பெட்டியை அணைக்கச் சொல்லுங்கள். முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது நல்லது. பகல் சவாரிக்கு ஏசி அறை வேண்டியதே இல்லை, ஜெனரேட்டர் இரைச்சல்தான் மிச்சம். எஞ்சின் பின்னால் இருக்கும், ஆகவே முன்தளத்தில் உட்காருங்கள். வரப்போரம் வந்ததும் எஞ்சினை நிறுத்திச் சும்மா மிதக்கவிடச் சொல்லுங்கள், நல்ல ஸ்ராங்கு மறுக்க மாட்டார். அப்படி மிதந்த ஒரு மதியம் ஆகாயத்தாமரைப் பரப்பில் நீலத் தாழைக்கோழி ஒன்று, தண்டை ஒரு காலால் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்க் கடித்துத் தின்பதைப் பார்த்தேன். சிவந்த அலகு, சிவந்த நெற்றி, உடம்பில் மயில்கழுத்து நிறம். படகு மிதந்து நெருங்கும்வரை அது தலை நிமிரவில்லை. பிறகு செம்பருந்து தாழ்ந்து வட்டமிட்டது. வைகாசி கருட சேவைக்கு விடியுமுன்னே வரதர் கோயில் கோபுர வாசலில் போய் நிற்கிற என் மனைவி, கையெடுத்துக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வழிகாட்டிகள் சிலர் எந்த வெள்ளைப் பறவையைக் காட்டியும் சைபீரியக் கொக்கு என்பார்கள். நம்பாதீர்கள். இந்தியாவில் சைபீரியக் கொக்கு கடைசியாகப் பார்க்கப்பட்டது 2002-ல், ராஜஸ்தானத்துப் பரத்பூரில். காயலில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பெரிய வெண்கொக்காக இருக்கும், அதுவும் அழகுதான். ஆயிரக்கணக்கில் நீந்திவரும் வாத்துகள் வளர்ப்பு வாத்துகள், பின்னால் சின்ன வள்ளத்தில் மேய்ப்பவர் வருவார். பறவைக் காய்ச்சல் அறிவிப்பு இருந்தால் அவற்றின் பக்கம் போகவே வேண்டாம். 8x42 பைனாகுலர் ஒன்று போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் படகின் ஆட்டத்தில் கை நிலைக்காது.

பாதுகாப்பு விஷயத்தில் கூச்சமே படாதீர்கள். 2002 ஜூலை 27-ல் முகம்மாவிலிருந்து குமரகம் வந்த பயணிகள் படகு கவிழ்ந்து 29 பேர் போனார்கள். 2023 மே 7-ல் மலப்புறம் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர், குழந்தைகள் உட்பட. படகின் பக்கவாட்டில் பதிவு எண் இருக்கிறதா, எத்தனை பேருக்கு அனுமதி, உயிர்காக்கும் அங்கி ஒவ்வொருவருக்கும் இருக்கிறதா என்று ஏறும் முன்பே பாருங்கள். எல்லாரும் ஒரே பக்கமாக மேல்தளத்தில் கூடாதீர்கள்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: கழிவறைத் தொட்டியை எங்கே காலி செய்கிறீர்கள்? டிசம்பர் நடுவில், வயலில் உப்புநீர் ஏறாதிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை இறக்குவார்கள். நெல்லுக்கு அது காவல். ஆனால் அதன்பின் தென்பகுதிக் காயலை அலசிவிட ஓதம் உள்ளே வராது. போட்டது போட்ட இடத்திலேயே கிடக்கும். 2002-லிருந்து சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலம் என்று பெயர் பெற்ற நீர்ப்பரப்பு இது. பயணிகள் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் படகுக்காரர்கள் கவனமாக இருப்பார்கள், இதை நேரில் கண்டிருக்கிறேன்.

வாடகை கட்டுப்படியாகவில்லையா? ஆலப்புழை–கோட்டயம், முகம்மா–குமரகம் தடங்களில் கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகுகள் பஸ் கட்டணத்தில் ஓடுகின்றன. அதே காயல், அதே பறவைகள். ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

வசதி உள்ளவர்கள் மட்டும், புக்கிங் செய்யும்போது தவறாமல் கேளுங்கள்: "கயிறு கட்டிய வள்ளமா?" அதைக் கட்டத் தெரிந்த ஆசாரிகள் கொல்லம் பக்கத்து ஆலும்கடவு போன்ற இடங்களில் இன்னும் இருக்கிறார்கள். கேட்கிற ஆள் இருந்தால்தான் அவர்களுக்கு வேலை.