வாய் திறந்தா கேஸ் வருமா? – நம் பேச்சுரிமை பற்றி ஒரு பாடம்



சீயமங்கலத்தில் நடந்த குழுக் கூட்டத்தில், சேமிப்பும் கடன் வசூலும் முடிந்த பிறகு ஒரு மனு வாசித்தார்கள். தெருக்குழாயில் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை, கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம் என்று எழுதிய மனு. பதினைந்து பேர் இருந்த கூட்டத்தில் ஆறு பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் பேனாவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

"ஏங்க்கா?" என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டா நாளைக்கு கேஸ் கீஸ்னு வந்தா யாரும்மா பாக்கறது? எம் மவன் போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கான்" என்றார் ஒரு அக்கா. "பேரு எழுதிக் குடுத்துட்டா அடுத்த லோன் வராதுன்னு சொல்றாங்களே" என்றார் இன்னொருவர்.

அந்த அக்காக்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் வைத்துத்தான் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் எது நிஜம், எது வெறும் மிரட்டல் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த மாதப் பாடம்.

நம் பக்கத்தில் நடந்தது

செய்யாறு தாலுக்கா மேல்மா பகுதியை நம்மில் பலருக்குத் தெரியும். அங்கே சிப்காட் தொழிற்பேட்டையைப் பெரிதாக்க 3,000 ஏக்கருக்கும் மேல் நிலம் எடுக்கப்போவதாக அரசு அறிவித்தது. விளையும் நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று விவசாயிகள் 2023-ஆம் ஆண்டு நடுவிலிருந்து நூறு நாட்களுக்கும் மேலாகப் போராடினார்கள். நவம்பர் மாதம் 20 பேரைக் கைது செய்தார்கள். அதில் 7 பேர் மேல் குண்டர் சட்டம் போட்டார்கள்.

குண்டர் சட்டம் என்றால் என்ன? 1982-ல் தமிழ்நாட்டில் வந்த சட்டம். கள்ளச்சாராயம் விற்பவர்கள், போதைப்பொருள் விற்பவர்கள், ரவுடிகள் போன்றவர்களைப் பிடிப்பதற்காகக் கொண்டுவந்தது. சாதாரண வழக்கில் ஜாமீன் கேட்கலாம். இந்தச் சட்டத்தில் கலெக்டரோ கமிஷனரோ உத்தரவு போட்டால், வழக்கு விசாரணை முடியாமலேயே ஒருவரை ஒரு வருடம் வரை உள்ளே வைத்திருக்க முடியும். 'இனிமேல் தப்பு செய்வார்' என்று நினைத்தே அடைப்பதால் இதற்குத் தடுப்புக் காவல் என்று பெயர்.

சட்டம் ஒழுங்கைக் கெடுத்தார்கள் என்று காவல்துறை சொன்னது. நிலத்துக்காகப் போராடிய விவசாயி மேல் குண்டர் சட்டமா என்று மாநிலம் முழுக்கக் கேள்வி எழுந்தது. கைதானவர்களின் குடும்பத்தார் மனு கொடுத்தார்கள். சில நாட்களிலேயே 6 பேர் மீதான குண்டர் சட்டத்தை அரசு ரத்து செய்தது.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, வேறு எதற்கோ செய்த சட்டம் கேள்வி கேட்பவர் மேலும் பாயலாம். ஆகவே நம் அக்காக்களின் பயம் வெறும் கற்பனை இல்லை. இரண்டு, அந்த உத்தரவு தானாக ரத்தாகவில்லை. வெளியே இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அதனால்தான் ரத்தானது.

நாடு முழுக்க வாய் மூடிய 21 மாதம்

வயதான அம்மாக்களுக்கு எமர்ஜென்சி ஞாபகம் இருக்கும். 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை. பத்திரிகையில் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று அதிகாரிகள் பார்த்துத்தான் அனுமதித்தார்கள். நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டு அரசையே கலைத்தார்கள்.

சினேகலதா ரெட்டி என்று ஒரு நடிகை. ஆஸ்துமா நோயாளி. அவரைப் பிடித்து பெங்களூர் சிறையில் பல மாதம் வைத்தார்கள். உடம்பு மிகவும் மோசமான பிறகு வெளியே விட்டார்கள். சில நாட்களிலேயே, 1977 ஜனவரி 20-ல், இறந்துபோனார்.

"என் புருஷனை எதற்குப் பிடித்தீர்கள்?" என்று கோர்ட்டில் கேட்கும் உரிமைகூட அப்போது இல்லை என்று 1976 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் அது தவறு என்று எழுதினார். பின்னால் 1978-ல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். இனி எமர்ஜென்சி வந்தாலும் உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான உரிமையைப் பறிக்க முடியாது.

பக்கத்து நாட்டையும் பாருங்கள். இலங்கையில் 1979-ல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபோது 'தற்காலிகம்' என்றுதான் சொன்னார்கள். 1982-ல் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். காணாமல் போன தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் சாலையோரம் உட்கார்ந்தார்கள். பெண்கள்தான் உட்கார்ந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நம் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு நமக்கு மூன்று முக்கியமான உரிமைகளைத் தருகிறது.

பேசவும் எழுதவும் உரிமை. மனு எழுதுவதும் இதில்தான் வரும்.

ஆயுதம் இல்லாமல், அமைதியாகக் கூடும் உரிமை.

சங்கம் அமைக்கும் உரிமை. நம் குழுவே இந்த உரிமையில்தான் நிற்கிறது! 1952-ல் சென்னை மாகாண அரசு ஒரு சங்கத்துக்குத் தடை போட்டது செல்லாது என்று உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இன்றும் பேசப்படுகிறது.

செல்போனில் எழுதுவதற்கும் இந்த உரிமை உண்டு. 2012-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு தலைவர் இறந்ததற்கு ஊரே கடையடைத்தது ஏன் என்று ஒரு பெண் ஃபேஸ்புக்கில் கேட்டார். இன்னொரு பெண் அதற்கு 'லைக்' போட்டார். இருவரையும் கைது செய்தார்கள். அப்படிக் கைது செய்ய உதவிய 66-ஏ என்ற பிரிவை 2015 மார்ச் 24-ல் உச்சநீதிமன்றம் செல்லாது என்று நீக்கியது.

உரிமைக்கு வரப்பும் உண்டு

வயலுக்கு வரப்பு இருக்கிற மாதிரி பேச்சுக்கும் இருக்கிறது. ஒருவர் மேல் பொய்யாக அவதூறு சொல்லக்கூடாது. அடி, வெட்டு என்று தூண்டிவிடக்கூடாது.

2018 மே மாதம் போளூர் பக்கம் என்ன நடந்தது? பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம். குலதெய்வம் கும்பிட வந்த ஒரு குடும்பத்தை ஊர்க்காரர்கள் சந்தேகப்பட்டு அடித்தார்கள். ஒரு வயதான அம்மா செத்தே போனார். குழந்தைகளுக்கு அவர் மிட்டாய் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். ஆகவே கேள்வி கேட்கப் பயப்படாதீர்கள். ஆனால் தெரியாத சேதியை அடுத்தவருக்கு அனுப்பப் பயப்படுங்கள்.

தைரியமாகப் பேச ஐந்து வழி

1. கூட்டாகப் பேசுங்கள். ஒருத்தி போட்ட கையெழுத்தை மிரட்டலாம். அறுபது கையெழுத்தை மிரட்டுவது கஷ்டம். மனுவுக்கு நகல் வைத்து, ரசீது வாங்குங்கள்.

2. கிராம சபைக்குப் போங்கள். 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நீங்கள் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

3. தகவல் கேளுங்கள். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். ராஜஸ்தான் கிராமத்துக் கூலிக்காரர்களும் பெண்களும் தெருவில் உட்கார்ந்து கேட்டதால்தான் இந்தச் சட்டத்துக்கு வழி பிறந்தது.

4. கைது என்றால் இதைச் சொல்லுங்கள். காரணத்தைச் சொல்ல வேண்டும். குடும்பத்தாருக்குத் தகவல் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு, விடிவதற்கு முன் ஒரு பெண்ணைச் சாதாரணமாகக் கைது செய்யக்கூடாது. அவசரம் என்றால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடுதான் செய்ய வேண்டும். சாட்சி விசாரணைக்குப் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும்.

5. வக்கீல் இலவசம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு. போன் எண் 15100.

லோன் பற்றிக் கேட்ட அக்காவுக்கும் பதில்: குழுவின் தரத்தைப் பார்ப்பது கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் புத்தகம் இந்த ஐந்தையும் வைத்துத்தான். யார் மனு கொடுத்தார் என்று அதில் ஒரு கட்டமும் இல்லை.

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம்

"சபையில பொம்பளைக்கு என்ன பேச்சு?" என்று கேட்கிற குரலை நாம் போலீஸ் ஸ்டேஷனில் முதலில் கேட்கவில்லை, வீட்டுத் திண்ணையில்தான் கேட்டோம். நம் குழுவிலும் தலைவி பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவது உண்டு. கணக்கு கேட்ட உறுப்பினரை 'வம்புக்காரி' என்று ஒதுக்கிய குழுக்களும் உண்டு. நாம் குழுவுக்குள் ஒருத்தியைப் பேசவிடாமல் செய்துவிட்டு, வெளியில் போய்ப் பேச்சுரிமை கேட்டால் அது பொருந்துமா?

செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். எவ்வளவு உயரமான மதில்! ஆனாலும் பல ராஜாக்கள் கைக்கு அது மாறி மாறிப் போனது. காவல் இல்லாத மதில் வெறும் கல்தான். சட்டப் புத்தகத்தில் இருக்கிற உரிமையும் அப்படித்தான், நாம் காவல் இருந்தால்தான் நிற்கும்.

சீயமங்கலம் மனு இன்னும் கொடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் சுற்றுக்கு வரும். பேனா உங்கள் கைக்கு வரும்போது இந்தப் பாடத்தை நினைத்துப் பாருங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

* கடந்த ஒரு வருடத்தில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது என்ன? எதற்குப் பயந்தோம்?
* போன கிராம சபைக்கு நம் குழுவிலிருந்து எத்தனை பேர் போனோம்? எத்தனை பேர் பேசினோம்?
* நம் குழுவில் இதுவரை வாய் திறக்காத உறுப்பினர் யார்? அவரை முதலில் பேசச் சொல்வோமா?