இடது கையில் நாடி குறைந்தால்…

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. ஒரு வருடமாகக் களைப்பு, இரவில் வியர்வை, உடம்பும் மெலிந்துவிட்டது. தலை வாரும்போது இடது கை உளைந்து, பாதியிலேயே சீப்பை வைத்துவிடுவாள். இரத்தச்சோகை என்று இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். போன மாதம் ஒரு தாதி பிரஷர் பார்த்தபோது வலது கையில் 138, இடது கையில் 94. இப்போது ‘டகயாசு ஆர்ட்டரைட்டிஸ்’ என்கிறார்கள். இது என்ன வருத்தம்? தொற்றுமா? ஸ்டீராய்டு கொடுக்கப் பயமாக இருக்கிறது. கல்யாணம், பிள்ளை எல்லாம் நடக்குமா?
– ஒரு தாய், ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: தொற்றாது சகோதரி. இது பெருந்தமனியிலும் அதன் கிளைகளிலும் வரும் அழற்சி. குழாயின் சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. சும்மா இருக்கும் கைக்கு வரும் இரத்தம் போதும். தூக்கி வைத்துத் தலை வாரும் கைக்குப் போதாது. அதனால்தான் உளைவு.

லண்டனுக்கு இது புதிதல்ல. இரு கைகளிலும் நாடி இல்லாத 22 வயதுப் பெண்ணைப் பற்றி செயின்ட் பார்த்தலமியூ மருத்துவமனையின் வில்லியம் சேவரி 1856இலேயே எழுதினார். 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ டகயாசு விழித்திரை மாற்றங்களை விவரித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

ஜப்பான், இந்தியா போன்ற ஆசிய நாடுகளின் இளம்பெண்களிடம் இது கூடுதல். பிரிட்டனில் மிக அரிது. பல ஜீபிகள் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். களைப்பும் வியர்வையும் மெலிவும் காசநோயிலும் வரும் என்பதால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. இரு கைகளுக்கும் இடையில் மேல் பிரஷர் 10க்கு மேல் வேறுபடுவது, 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் வகுத்த ஆறு அடையாளங்களில் ஒன்று. உங்கள் மகளுக்கு வேறுபாடு 44. எம்.ஆர். அல்லது சி.டி. ஆஞ்சியோகிராம் எந்தக் குழாய் குறுகியிருக்கிறது என்று காட்டும். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு சரியாக இருந்தாலும் உள்ளே அழற்சி தொடரலாம்; ஆகவே ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு முகத்தை உப்ப வைக்கும், எடை கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். இருந்தும் முதல் மருந்து அதுதான். மெத்தோட்ரெக்சேட், அசாதியோப்ரின் போன்றவற்றைச் சேர்த்து ஸ்டீராய்டை மெல்லக் குறைப்பார்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து. டோசிலிசுமாப், இன்ஃபிளிக்சிமாப் ஊசிகள் தேவைப்பட்டால், மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்று முதலில் சோதிப்பார்கள். ஸ்டென்ட், பைபாஸ் எல்லாம் அவசரம் இல்லாதவரை அழற்சி அடங்கிய பிறகே.

கல்யாணத்துக்குத் தடை இல்லை. பிள்ளை பெறுவதைத் திட்டமிட்டுச் செய்ய வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டும், இதற்குத் தரும் இன்னொரு மருந்தான மைக்கோஃபீனொலேட்டும் கருவுக்குக் கேடு என்பதால், மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

லண்டனில் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்கு இந்த நோயில் நீண்ட அனுபவம் உண்டு; அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். இந்தியாவில் பார்க்க விரும்பினால் வேலூர் சி.எம்.சி.யின் வாதநோய்ப் பிரிவு டகயாசு நோயாளிகள் பலரைக் கவனித்துவருகிறது.

கடைசியாக ஒன்று. இனி யார் பிரஷர் பார்த்தாலும் வலது கையில் பார்க்கச் சொல்லுங்கள். இடது கை காட்டும் 94ஐ நம்பினால், உண்மையில் ஏறியிருக்கும் பிரஷர் தெரியாமலே போய்விடும்.