நுனியில் நிற்கும் சிக்கனம்: விமானத் தொழில் பழகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த நீ, 1990ஆம் ஆண்டில் தோன்றிய சி.டி.ஆர்.எம். ஸ்தாபனத்தின் பத்து பெரெண்டாம் ஆலையில் கார்பன் இழைகளை அடுக்கி விமான உறுப்புகள் செய்யப் பழகுகிறாய் என்றறிந்து மகிழ்ந்தேன். இறக்கையின் நுனியை ஏன் மேல்நோக்கி வளைக்கிறார்கள் என்று நீ கேட்ட கேள்விக்குப் பலருக்கும் பிரயோஜனப்படட்டும் என்று பகிரங்கமாகவே பதில் எழுதுகிறேன்.

பறக்கும் இறக்கையின் அடிப்புறத்தில் காற்றழுத்தம் மிகுதி, மேற்புறத்தில் குறைவு. இவ்வேற்றுமையே விமானத்தைத் தூக்குகிறது. ஆனால் அதுவே நுனியோரமாகக் காற்றைக் கீழிருந்து மேலே புரளச் செய்து, பின்னால் நெடுந்தூரம் நீளும் சுழலாக்கி, தூக்குவிசையைச் சற்றே பின்னோக்கிச் சாய்த்துவிடுகிறது. அந்தச் சாய்வே ஓர் இழுவையாகி எரிபொருளைத் தின்கிறது. இறக்கையை நீட்டினால் இவ்விழுவை குறையும். எனினும் ஏர்பஸ் ஏ320 ரக விமானங்கள் நிற்கும் இடங்களுக்கு அகல வரம்பு 36 மீட்டர் என்பதால், பக்கவாட்டில் வளர இயலாதது மேல்நோக்கி வளர வேண்டியதாயிற்று.

நுனியில் தகடு பொருத்தும் யோசனைக்கு இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1897லேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் எண்ணெய் விலை உயர்ந்த எழுபதுகளில்தான், நாசாவின் ரிச்சர்ட் விட்கோம்ப் அதைச் சுழற்காற்றிலிருந்தே சிறிது முன்தள்ளலையும் பெறவல்ல சிறு இறக்கையாக வடித்து, 1976இல் தம் ஆய்வை வெளியிட்டார். நம் மலேசிய நாட்டுக்கும் இதில் பங்குண்டு: ஷார்க்லெட் எனப்படும் 2.4 மீட்டர் உயர நுனிகளோடு வெளிவந்த முதல் ஏ320 விமானத்தை 2012 டிசம்பரில் பெற்றது ஏர் ஏஷியா. நுனி இரண்டாகப் பிளந்த போயிங் 737 மேக்ஸை 2017 மே மாதம் உலகிலேயே முதலில் பயணிகள் சேவையில் இறக்கியது மலிண்டோ விமான நிறுவனம்.

ஷார்க்லெட்டால் 4 சதவிகிதம் வரை எரிபொருள் மிச்சம் என்பது ஏர்பஸ்ஸின் கணக்கு. அந்த 'வரை' என்ற சொல்லை நீ மறந்துவிடலாகாது; நெடும் பிரயாணத்தில் கிட்டும் அந்த லாபம் குறும் பிரயாணத்தில் சுருங்கிவிடும். நுனியை இன்னும் உயர்த்தினால் லாபம் கூடுமே என்று தோன்றும். ஆனால் உயர உயர இறக்கையின் அடிவேரில் வளைக்கும் விசை மிகுந்து, அதைத் தாங்க உலோகமோ இழையோ கூட்ட வேண்டிவரும். ரப்பர் மரம் சீவுவதிலும் இப்படித்தான்: ஆழ வெட்டினால் பால் அதிகம் என்று கத்தியை உள்மரம் வரை செலுத்துபவன், இன்று ஒரு கோப்பை கூடுதலாகப் பெற்று நாளைய பட்டையை இழப்பான் என்பதை உன் தோட்டத்துப் பெரியோர் நன்கறிவார்கள்.

ஆகவே, புதியதொரு யுக்தி இத்தனை சதவிகிதம் மிச்சம் தரும் என்று எவரேனும் சொன்னால், எத்தனை தூரத்துக்கு, எவ்வளவு சுமையோடு, எதனோடு ஒப்பிட்டு என்று கேட்கப் பழகு. உன் கைவேலையிலும் அதே கணக்கு உண்டு: அடுக்கில் அளவுக்கு மீறித் தங்கும் பிசினின் ஒவ்வொரு கிராமையும் அவ்விமானம் தன் ஆயுள் முழுதும் சுமந்தாக வேண்டும், விட்கோம்ப் போன்றோர் காற்றிடமிருந்து மீட்டதை நாம் எடையில் திருப்பிக் கொடுத்துவிடலாகாது.

இங்ஙனம்,
உன் நலம் நாடும் அண்ணன்