கேட்டுப் பார்த்த பிறகு

பிலடெல்பியாவில் மனநல மருத்துவர் ஆரோன் பெக்கிடம் ஒரு பெண் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். பெக் பிராய்டின் வழியில் பயின்றவர். சோபாவில் படுத்து, மனதில் தோன்றுவதையெல்லாம் சொல்வது அந்த முறை. அந்தப் பெண்ணும் தன் அந்தரங்க அனுபவங்களைத் தயங்காமல் சொன்னார். ஆனாலும் பதற்றமாகவே இருந்தார். பேசுகிற விஷயம் அப்படி, பதற்றம் வரத்தான் செய்யும் என்று கணித்தார் பெக். விசாரித்தபோது காரணம் வேறாக இருந்தது. தன் பேச்சு டாக்டருக்கு அலுப்புத் தட்டுகிறதோ என்ற எண்ணம்தான் அவரை வாட்டிக்கொண்டிருந்தது.

வாய் ஒன்றைச் சொல்ல, உள்ளே வேறொரு பேச்சு. மற்ற நோயாளிகளிடமும் பெக் இதையே கண்டார். கூப்பிடாமல் வந்து, யாரும் சரிபார்க்காமலே உண்மையென்று நிலைத்துவிடும் இவற்றைத் 'தானியங்கி எண்ணங்கள்' என்றார். மனச்சோர்வில் இருப்பவர்களின் யோசனையில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளை 1963இல் ஒரு கட்டுரையில் வகைப்படுத்தினார்: ஆதாரமில்லாமல் முடிவுக்கு வருவது, பத்தில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது, ஒரு தோல்வியை வைத்து வாழ்க்கையையே அளப்பது, குறையைப் பெருக்கி நிறையைச் சுருக்குவது. காக்னிட்டிவ் தெரபி என்ற சிகிச்சை முறை இங்கிருந்து வளர்ந்தது.

சரிபார்க்காத எண்ணம் உண்மையென்று நிலைத்துவிடுவது பெக்குக்குச் சொந்த அனுபவமும்கூட. சிறுவயதில் கை முறிந்து, எலும்பில் சீழ் வைத்து, நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பள்ளிக்குப் போகாததால் அதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டியதாயிற்று. தான் மக்கு என்று நம்பிய அந்தப் பையன், அண்ணன்களின் உதவியோடு படித்துப் பழைய வகுப்புத் தோழர்களையே முந்தினான். 'நீ கெட்டிக்காரன்' என்று யார் சொல்லியிருந்தாலும் கிடைக்காத சாட்சி அது.

இதே துறையின் இன்னொரு முன்னோடி ஆல்பர்ட் எல்லிஸ் 19 வயதில் செய்தது இன்னும் துணிச்சலானது. பெண்களிடம் பேசவே நடுங்கியவர், நியூயார்க்கின் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு மாதம் தினமும் போனார். பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பக்கத்தில் அமர்ந்து, ஒரு நிமிடத்துக்குள் பேச்சுக் கொடுக்க வேண்டும். இது அவர் தனக்கே போட்டுக்கொண்ட விதி. 130 பேரில் 30 பேர் உடனே எழுந்து போய்விட்டார்கள். மற்ற 100 பேரிடம் பேசினார். ஒருவர் மட்டும் மறுபடி சந்திக்கச் சம்மதித்தார், அவரும் வரவில்லை. கணக்குப்படி முழுத் தோல்விதான். ஆனால் அவர் பயந்த விபரீதம் எதுவும் நடக்கவில்லை, பயம் போயிற்று.

காக்னிட்டிவ் தெரபியைப் பலரும் 'நல்லதையே நினை' என்ற உபதேசமாகப் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. எண்ணத்தை மாற்றச் சொல்வதில்லை, சோதிக்கச் சொல்கிறது. சில வருடங்களாக நான் வைத்திருக்கும் நோட்டில் அதற்கான கட்டங்கள் உண்டு: என்ன நடந்தது, என்ன உணர்ச்சி, என்ன எண்ணம், அதை எத்தனை சதவீதம் நம்புகிறேன், ஆதரவாக என்ன, எதிராக என்ன.

பழக்கத்தில்தான் சில நுணுக்கங்கள் பிடிபட்டன. 'ஏன் பதில் போடவில்லை?' என்று எழுதினால் சோதிக்க முடியாது. கேள்விக்கு உண்மை, பொய் ஏது? அதற்குள் ஒளிந்திருக்கும் வாக்கியத்தை வெளியே இழுக்க வேண்டும்: 'அவருக்கு என்மேல் கோபம்.' ஆதாரக் கட்டத்தில் 'எனக்கு அப்படித் தோன்றுகிறது' என்று எழுதக் கை போகும். தோன்றுவது சாட்சியாகாது. 90 சதவீத நம்பிக்கை 50க்கு இறங்கினாலே அன்றைய வேலையைப் பார்க்க முடிகிறது, பூஜ்யத்துக்கு வரவேண்டியதில்லை. மனம் மிகவும் சோர்ந்து, சாப்பாடும் தூக்கமும் போய்விட்ட நிலையில் இந்த நோட்டு போதாது. அப்போது மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்கிறேன். பெக் வகைப்படுத்திய பிழைகளின் பெயர்களைக் கற்ற புதிதில், அழுதுகொண்டிருந்த என் தங்கையிடம், "நீ ஒண்ணை வெச்சு எல்லாத்தையும் முடிவு பண்றே" என்றேன். "நான் சொல்றதைக் கேளேன் அண்ணா" என்றாள் அவள். அந்தப் பட்டியலை வீட்டில் யாரிடமும் நான் பிறகு நீட்டவில்லை.

எண்ணம் சரியாகவே இருந்துவிடும் நாட்களும் உண்டு. ஒரு கட்டுரையை அனுப்பினேன். ஆசிரியரிடமிருந்து 'பார்க்கலாம்' என்று ஒரே சொல். அவருக்குப் பிடிக்கவில்லை, 85 சதவீதம் என்று எழுதினேன். இரு பக்கமும் ஆதாரம் சமமாக நின்றது. போன் செய்து கேட்டேன். பிடிக்கவில்லைதான், நடுவில் இரண்டு பத்தி தொங்குகிறது என்றார். அன்றிரவு அந்த இரண்டு பத்தியையும் திருத்தி எழுதினேன்.